கோதுமைக்குப் பக்கத்தில் ஆப்பிள்

கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். உமி வந்தது. மணி வரவில்லை. இன்னொன்றைக் கசக்கினேன், அதிலும் உமிதான். 

"என்னடி தோன்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி ரிம்மா லவோவ்னா.

"எல்லாம் பதருங்க."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? தள்ளு."

அவரே கசக்கினார். விண்வெளி நிலையத்திலிருந்து போன வாரம் இறங்கிய கதிர்கள் அவை. பார்வைக்குப் பொன்னாக, முழு நீளமாகத்தான் இருந்தன. "கதிர் தள்ளிடுச்சு!" என்று விண்வெளி வீரன் வாதிம் மேலேயிருந்து வானொலியில் கத்தியபோது, மாஸ்கோவில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். எடையே இல்லாத இடத்தில் கோதுமை மணி பிடித்தால் அதையே மறுபடி விதைக்கலாம், நெடும்பயணம் போகிறவர்களுக்கு ரொட்டி உறுதி. பிடிக்காவிட்டால் விண்வெளித் தோட்டத்தையே மூடிவிடுவார்கள். அந்தத் தோட்டத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு அதை மறந்தே போனவர் ரிம்மா லவோவ்னா.

கடைசிக் கதிரும் பதர். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.  

துணை இயக்குநர் கர்ப்பூஷின் மூக்கில் வியர்த்தவர் போல வந்து சேர்ந்தார். உமியைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்கிற முகத்தை மாட்டிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் அப்பவே சொன்னேனே. எடை இல்லாத இடத்துல பயிர் மலடாத்தான் போகும். அப்படியே அறிக்கை எழுதிடுங்க. உங்க பேருக்கு ஒரு குறையும் வராது. இயற்கை மேல யாரு வழக்குப் போடப்போறா?"

அப்போதுதான் வாதிம் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கால்கள் இன்னும் தரைக்குப் பழகவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரிம்மா லவோவ்னா! உங்க தோட்டத்து ஆப்பிளுக்கு எப்படி நன்றி சொல்றது? சரக்குக் கலத்தைத் திறந்ததும் என்னா வாசனைங்குறீங்க! கோதுமை அப்பத்தான் பூத்துக்கிட்டிருந்துச்சு. ஆப்பிளை வலையில போட்டு அதுக்குப் பக்கத்துலயே கட்டிட்டோம். அங்க போய் உக்காந்தா வீட்டுத் தோட்டத்துல இருக்கிற மாதிரியே இருந்துச்சு. இந்த ஒண்ணை மட்டும் திங்காம உங்களுக்காகவே கொண்டாந்தேன்."

சட்டைப்பையிலிருந்து சுருங்கிய ஆப்பிள் ஒன்றை எடுத்து நீட்டினான்.

ரிம்மா லவோவ்னா அதை வாங்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 

ஜன்னலோரத்தில் அவர் வீட்டுப் பச்சைத் தக்காளிகள் ஒரு பெட்டியில் இருந்தன. சீக்கிரம் சிவக்கட்டும் என்று நடுவில் ஒரு பழுத்த ஆப்பிளை அவர்தான் வைத்திருந்தார். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் செய்கிற வேலை அது. ஆப்பிள் விடுகிற வாயு காயைப் பழுக்க வைக்கும். பூக்கிற கோதுமையின் மகரந்தத்தை அதே வாயு கெடுத்துவிடும். இதை எங்களுக்குப் பாடமாக நடத்தியவரே அவர்தான். கூடத்துக்குள் யாரும் சென்ட் பூசி வரக்கூடாது என்று சட்டம் போட்ட மகராசி! மேலும் கீழும் இல்லாத இடத்தில் காற்று தானாக நகராது. அந்த வாயு பூவைச் சுற்றியே நின்றிருக்கும்.

எல்லாரும் மேலே இருக்கிறவர்களுக்கு ஆப்பிள் அனுப்புவார்கள். பிள்ளைகள் தின்னட்டும் என்று இவரும் அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

அவர் காதருகே குனிந்தேன். "வாயைத் திறக்காதீங்க. கர்ப்பூஷினே வழி சொல்லிட்டாரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"தோட்டத்தை மூடிடுவாங்களேடி."

எழுந்து, பாவாடையில் ஒட்டிய உமியைத் தட்டினார். வாதிமிடமிருந்து ஆப்பிளை வாங்கி அவன் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு அதைக் கர்ப்பூஷினுக்கு முன்னால் வைத்தார்.

"இயற்கை மேல பழி போடாதீங்க. ரிம்மா லவோவ்னா கெடுத்துட்டாள்னு எழுதுங்க. ஆப்பிள் இல்லாம இன்னொரு தடவை விதைச்சுப் பாருங்க. என்னை வச்சுக்க வேணாம். தோன்யா பாத்துக்குவா."

 வாதிமுக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை.

"ஏன், ஆப்பிள் நல்லா இல்லையா?" என்றான்.