கடைசி நாலு மீட்டர்

மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி பதினோராவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் நாலு மீட்டர் இருந்தது. கோட்டைக் கடைசியாகத் தொடுபவருக்குத்தான் பரிசு. நடுவில் காலை ஊன்றினால் ஆட்டம் போச்சு.

நாற்பது பேர் தொடங்கினோம். மிச்சம் இருவர். நானும், பக்கத்துத் தடத்தில் ஸ்டெல்லா டீச்சரும். அவர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நான் டயர் கடையில் இருந்தவன். சின்ன வயதிலிருந்து எனக்குச் சைக்கிளைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை. முன்சக்கரத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, பெடலில் பாதி எடையை வைத்து, மூச்சை விட்டால் வண்டி நின்றுவிடும். உண்மையில் நிற்காது. நிற்பதுபோலப் போகும். அந்த வித்தியாசம் ஊரில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

நடுவர் கதிரேசன் ஏழாவது வருடம் கொடிக்கம்பம் ஆனார். விசிலைக் கீழே போடவில்லை. அதனால் அவரை யாரும் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தார்.

"ஓட்டறீங்களா, நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

"ஓட்டறேனுங்க."

"பாத்தா அப்படித் தெரியலையே. நிறுத்தின வண்டின்னா லாரியில ஏத்தணும். ஆளோட."

"ஓட்டறேனுங்க சார்."

"அப்ப கூடப் போறவங்க கையெழுத்து வேணும்."

டீச்சர் எனக்குக் கையெழுத்துப் போட்டார். நான் அவருக்குப் போட்டேன். 'இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'முப்பத்தாறு மீட்டராக' என்று டீச்சர் எழுதியிருந்தார். அதிகாரி திருப்தியாகப் போய்விட்டார்.

அன்று மாலை டீச்சரின் மகள் ஜெனிபர் வந்தாள். போட்டி தொடங்கியபோது அவள் அஞ்சாவது படித்தாள். இப்போது கையில் கல்யாணப் பத்திரிகை வைத்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல கல்யாணம்மா. வருவியா?"

டீச்சர் எல்லைக்கோட்டைப் பார்த்தார். சர்ச் அதற்கு அந்தப் பக்கம், ஒரு தெரு தள்ளி.

"ஜெயிச்சிட்டு வர்றேன் கண்ணு."

"அஞ்சாவதுலயும் இதத்தான் சொன்னே."

ஜெனிபர் கோபப்படவில்லை. பத்திரிகையை அம்மாவின் ஹேண்டில்பாரில் செருகினாள். எனக்கும் ஒன்று செருகினாள்.

மறுநாள் விடிந்ததும் டீச்சரின் முன்சக்கரம் நடுங்கியது. பதினொரு வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

"ஏனுங்ண்ணா, நான் கால ஊனிடறேன். நீங்களே ஜெயிச்சுக்குங்க."

"பொறுங்க டீச்சர். புள்ளகிட்ட ஜெயிச்சிட்டு வர்றதாச் சொல்லியிருக்கீங்க."

"அது அப்பச் சொன்னதுங்க."

"நேத்தும் சொன்னீங்க."

டீச்சர் ஹேண்டில்பாரில் இருந்த பத்திரிகையைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் காலை ஊன்றியிருக்கலாம். மனம் வரவில்லை. சைக்கிள்காரன் தோற்றாலும் ஓட்டித்தான் தோற்க வேண்டும். பெடலை மிதித்தேன்.

நாலு மீட்டர் நீண்டது. சந்தை வந்தது. தென்னந்தோப்புகள் வந்தன. ஒரு பாலம் வந்தது. பிறகு ரயில்வே கேட் மூடியிருந்தது.

"எங்க போறீங்க?" என்றார் கேட்கீப்பர்.

"கோட்டுக்குங்க."

"இன்னும் எவ்வளவு?"

"ரெண்டே கால் மீட்டருங்க."

"அட, பக்கந்தான்." திறந்துவிட்டார்.

காற்று முகத்தில் அடித்தது. சைக்கிளுக்கும் காற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்பதையே மறந்திருந்தேன். சட்டை முதுகில் புடைத்தது. வாய்விட்டுக் கத்தினேன். பிறகு வெட்கமாக இருந்தது. கல்யாண நேரம் தவறிவிடுமோ என்று எழுந்து நின்று மிதித்தேன்.

கோட்டைத் தொட்டபோது அதே காலைதான். டீச்சர் எனக்குப் பின்னால் நாலு மீட்டரில் இருந்தார். கொடிக்கம்பம் விசில் ஊதியது.

"நாச்சிமுத்து தோத்துட்டாப்ல," என்றது.

நிம்மதியாக இருந்தது.

டீச்சர் கோடு வரை மெதுவாக வந்து, காலைத் தரையில் வைத்தார். படகிலிருந்து இறங்குகிறவரைப் போல ஆடினார். ஜெனிபர் வெள்ளைப் புடவையில் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்டேன் கண்ணு."

"பாத்தேம்மா."

என்னால் நிறுத்த முடியவில்லை. மெதுவாகப் போகிறவன் பிரேக்கைக் கவனிப்பதில்லை. சர்ச்சைச் சுற்றினேன். முதல் சுற்றில் பாட்டுப் பாடினார்கள். இரண்டாவதில் தாலி கட்டினார்கள். மூன்றாவதில் பந்தி. நாலாவது சுற்றில் தெரு திரும்ப மறந்து நேராகப் போய்விட்டது.

வெகுநேரம் கழித்துப் பின்னால் மணிச்சத்தம் கேட்டது. டீச்சர் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக மிதித்து வந்தார். பக்கத்தில் வந்து பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினார்.

"சாப்பிடாமப் போறீங்களே."

"பிரேக் பிடிக்கலீங்க டீச்சர். புள்ளைய அனுப்பி வெச்சாச்சா?"

"கார்ல ஏத்தியாச்சுங்க."

"அழுதுச்சா?"

"நான்தான் அழுதேன்."

பொட்டலம் சுட்டது. ரோடு இருபுறமும் வெறிச்சோடிக் கிடந்தது.

"இது எங்கீங்க போகுது?" என்றார்.

"தெரியலீங்க. நான் இந்தப் பக்கம் வந்ததில்ல."

ஊருக்குத் திரும்பும் வளைவு வந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். திரும்பவில்லை.

"மொதல்ல சாப்பிடுங்க," என்றார். "ஹேண்டில நான் புடிச்சுக்கறேன்."