காடாத் துணியில் ஒரு தாலுகா

"விடுங்க சார், கிழிஞ்சிரும்."

"மொதல்ல நீ விடுய்யா."

சத்தியநேசன் விடவில்லை. பஸ் படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, அந்தத் துணிச் சுருளின் ஒரு முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். மறுமுனை ரிசர்வ் போலீஸ்காரன் ஒருவன் கையில். உள்ளே உட்கார்ந்திருந்த ஜனங்கள் கயிறு இழுக்கும் போட்டி பார்ப்பது போல எட்டிப் பார்த்தார்கள்.

"என்னதாம்லே இருக்கு அதுக்குள்ள?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"படம். பூகோளப் படம்."

"படத்துக்கா இம்புட்டு இழுபறி? குடுத்துட்டு ஏறுப்பா. கரி அணைஞ்சா பொறவு வண்டி கெளம்பாது."

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டுதான் ஓடியது. டிரைவர் ஹாரனை அமுக்கினார். சத்தியநேசன் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் போலீஸ்காரன் வெடுக்கென்று இழுத்தான். சுருள் போனது. சுருளைத் துரத்திக்கொண்டு சத்தியநேசன் இறங்கினான். பஸ்ஸும் போனது.

ரோட்டோரத்தில் மூடிக் கிடந்த பஞ்சு அரவை மில்லின் கொட்டகையில் ரிசர்வ் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். போன ஆகஸ்டில் தேசமெங்கும் கம்பி அறுத்து, தண்டவாளம் பெயர்த்த கலவரத்துக்குப் பிறகு, ரயில் பாதையைக் காவல் காக்க வெளி ஜில்லாவிலிருந்து வந்து இறங்கிய கூட்டம் அது. மாசி பிறந்தும் அவர்கள் கிளம்பவில்லை.

கொட்டகை வாசலில் நின்ற ஏட்டைப் பார்த்ததும் சத்தியநேசனுக்கு உயிர் வந்தது. சோழபுரம் பால்ச்சாமி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. உள்ளூர்க்காரன் ஒருவன் வேண்டுமென்று முகாமில் போட்டிருந்தார்கள்.

"ஏலே பால்ச்சாமி, நீயாவது சொல்லுலே. நாளைக்குக் காலைல எனக்கு வாத்தியார் பரீட்சை, படத்தை வச்சுப் பாடம் நடத்திக் காட்டணும்."

"செத்த நேரம் பொறு வாத்தியாரே. எஸ்.ஐ. அய்யா பாத்துட்டுக் குடுத்திருவாவ."

எஸ்.ஐ. மைக்கேல் படத்தை மேஜைமேல் விரித்தார். இரண்டு வேட்டி அகலத்துக்குக் காடாத் துணி. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, அதன்மேல் முழுத் தாலுகாவையும் வரைந்திருந்தான். மேற்கே செங்கல் பொடிச் சிவப்பில் மலை. கண்மாய்களுக்கெல்லாம் நீலம். அந்த நீலம் அவன் மனைவி இன்பம் தன் கையால் தடவியது. ரயில் பாதை, ரோடு, ஓடை, ஒவ்வொரு ஓடைக்கும் பாலம்.

மைக்கேலின் விரல் ஒரு பாலத்தின்மேல் நின்றது. "இதுக்கு எதுக்குய்யா சிவப்பு வட்டம்?"

"பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச இடம் சார். தெரிஞ்ச இடத்துல ஆரம்பிச்சுத்தான் பாடம் நடத்தணும்."

"தந்தி ஆபீசுக்கும் வட்டம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் வட்டம்."

"புஸ்தகத்துல அப்படித்தான் சார் இருக்கு."

"எந்தப் புஸ்தகத்துல?"

சத்தியநேசனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரித்திரம், பூகோளம் நடத்தப் போகிற வாத்தியார்களுக்கென்று ஒரு போதனா முறைப் புத்தகம் உண்டு. லண்டனில் அச்சடித்தது. இந்தப் பக்கத்தில் பரீட்சை எழுதுகிற அத்தனை பேருக்கும் அது ஒரே பிரதி. ஒருத்தன் படித்து முடிக்கும் வரை அடுத்தவன் அவன் வீட்டு வாசலில் தவம் கிடக்க வேண்டும். முறை வந்து கையில் கிடைத்தால், உள்ளே என்ன இருக்கிறது? 'மாணவர்களைத் துறைமுகத்துக்கு அழைத்துச் செல்க. கோட்டையைக் காட்டுக. கலங்கரை விளக்கத்தையும் பாலத்தையும் சிவப்பு வட்டமிட்டுக் குறிக்கச் சொல்க.' ராஜபாளையத்தில் துறைமுகத்துக்கு எங்கே போவது? யோசித்து யோசித்து, துறைமுகத்துக்குப் பதில் ரயில்வே ஸ்டேஷன், கோட்டைக்குப் பதில் போலீஸ் ஸ்டேஷன், கலங்கரை விளக்கத்துக்குப் பதில் தந்தி ஆபீஸ் என்று மாற்றிக்கொண்டான். பாலத்துக்குப் பாலமே இருந்தது.

இதையெல்லாம் சொன்னான். மைக்கேல் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"கடையில படமே விக்கலையா? கையால வரையணுமா?"

"கடையில இங்கிலாந்துப் படம் இருக்கு சார். எங்க பள்ளிக்கூடத்துலயும் இங்கிலாந்துப் படம்தான். போன வருஷம் அதை மாட்டிக்கிட்டுக் கண்மாய்ப் பாசனம் நடத்தினேன். பெயில் போட்டாங்க. இந்தத் தடவையும் பெயிலானா ஜூன்ல வேலை கெடையாது. ட்ரெயினிங் முடிச்ச வேற ஆளைப் போட்டிருவாங்க."

"பேரு சத்தியநேசன்னு சொன்னீங்க. வேதக்காரரா?"

"ஆமா சார்." கொஞ்சம் நம்பிக்கை வந்தது. "புராட்டஸ்டண்ட்."

"நான் மாதா கோயில்," என்று சொல்லிவிட்டு மைக்கேல் படத்தைச் சுருட்டினார். "இன்ஸ்பெக்டர் அய்யா உத்தரவு இல்லாம நான் குடுக்க முடியாது. அவர் வத்திராயிருப்புல முகாம் போட்டிருக்கார். ஏட்டு, நீயே இவரைக் கூட்டிட்டுப் போ." சத்தியநேசனை வாசலில் நிறுத்திவிட்டு, பால்ச்சாமியை மட்டும் உள்ளே கூப்பிட்டு வெகு நேரம் என்னவோ பேசினார். வெளியே வந்த பால்ச்சாமி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "வாலே, போயிட்டு வந்திருவோம்," என்றான்.

போனார்கள். அதுவும் ஒரு கரி பஸ்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் படுத்துக்கொண்டது. கிளீனர் அடுப்பைக் கிளறினான், ஊதினான், திட்டினான். வெயிலில் ஒரு பாலத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியநேசன் நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து அடுப்பை எட்டிப் பார்த்தான். பால்ச்சாமியோ கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சாவகாசமாகப் பேசிக்கொண்டு வந்தான்.

"இந்த ஓடை எங்கலே போய் விழுது?"

"அந்தா தெரியுதுல்ல, அந்தக் கண்மாய்ல."

"மழைக்காலத்துல லாரி எறங்குமா?"

"மணல் ஓடை. வண்டி மாடே சிக்கிக்கிடும். வடக்க தள்ளிக் கல்லுத் தரை ஒண்ணு இருக்கு, அதுலதான் தாண்டணும். எனக்கு இருக்குற எரிச்சல்ல உனக்கு ஓடைக் கதை கேக்குதா?"

"வாத்தியாரு கூட வந்தா நாலு விஷயம் தெரிஞ்சுக்கிடணும்ல."

"பள்ளிக்கூடத்துல தூங்கினவன், இப்ப கேக்குறான் பூகோளம்."

பால்ச்சாமி சிரித்தான்.

வத்திராயிருப்பில் இன்ஸ்பெக்டர் இல்லை. விசாரித்துவிட்டு வந்த பால்ச்சாமி, "செட்டியார்பட்டிக்குப் போயிட்டாவளாம்," என்றான். தாலுகாவின் வட கோடியிலிருந்து தென் கோடிக்கு. வந்த வழியே திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம் தாண்டி, செட்டியார்பட்டிக்குப் போனார்கள். சத்தியநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவன் துணியில் வரைந்தது அத்தனையும் நிஜத்தில் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. துணி மட்டும் இல்லை.

செட்டியார்பட்டியில் டீக்கடைக்காரர் கையை விரித்தார். "இன்ஸ்பெக்டரா? இங்க ஒரு போலீஸும் வரலையே. இந்தா நிக்கிற ஏட்டையாதான் மொத ஆளு."

"சரி வாத்தியாரே," என்றான் பால்ச்சாமி, அவன் முகத்தைப் பார்க்காமல். "நீ போய்ப் பரீட்சையைப் பாரு. படத்துக்கு ஒண்ணும் ஆவாது."

வீட்டுக்கு வந்தபோது இன்பம் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். வெறுங்கையைப் பார்த்ததும் விரல் நின்றது.

"படம் எங்க?"

"போலீஸ்ல."

"திருடுனீகளா?"

"வரைஞ்சேன்."

நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணச் சேலை ஒன்றுதான் கிழியாமல் இருந்தது. "துணிக்கடையில வரிசையில நின்னாலும் ஒரு முழம் கிடைக்காது. வேணும்னா இதுல வரைங்க. ஆனா கட்டம் போட்டது. மலைமேல எல்லாம் கட்டம் கட்டமா வரும்."

"வேண்டாம். கரும்பலகை இருக்கு, சாக்பீஸ் இருக்கு. பாத்துக்கிடுதேன்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீக."

அவன் சாக்பீஸ் டப்பாவைத் தேடப் போனான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் மறுநாள் பரீட்சை. சென்னையிலிருந்து வந்திருந்த பரீட்சகர் பெயர் வேதசிரோமணி. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வகுப்புச் சுவரில் ஒரே ஒரு படம். இங்கிலாந்து. சத்தியநேசன் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தான்.

பாடம் ஓடியது. ஓடத்தான் செய்தது. மலையில் விழுகிற மழை எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்று கேட்டபோது, பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் முந்திக்கொண்டு சொன்னார்கள். ஒருத்தன் கரும்பலகையில் இருந்த கண்மாயைக் காட்டி, "சார், எங்க கண்மாய் இதவிடப் பெருசு," என்று சண்டைக்கு வந்தான். வேதசிரோமணி கூடச் சிரித்துவிட்டார்.

மணி அடித்து வகுப்பு கலைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"நல்லா நடத்தினீங்க. ஆனா துணைக் கருவிக்குத் தனி மார்க் இருக்கு. படம் வரைஞ்சதா குறிப்புல எழுதியிருக்கீங்க. எங்கே?"

சொன்னான்.

வேதசிரோமணி கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மாதிரி சாக்கு அவர் ஆயுசில் ஆயிரம் கேட்டிருப்பார். "சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு வருவேன். அதுக்குள்ள படத்தைக் கண்ணால காட்டுங்க. முழு மார்க் போடறேன். காட்டலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. அது இல்லாம நீங்க தேறவும் முடியாது."

சத்தியநேசன் ஓடினான். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அந்தப் பக்கம் போன பருத்தி வண்டி ஒன்றில் தொற்றி ஏறி, மாடு நடக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பாதி வழியில் குதித்து, மீதியை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே கடந்தான்.

கொட்டகை வாசலில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. ரிசர்வ் போலீஸ்காரர்கள் குழுக் குழுவாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறப்போன ஒருவன் கையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துணி. அதில் நீலம். கண்மாய் வடிவத்தில் நீலம்.

சத்தியநேசன் லாரியின் பின்பக்கம் ஓடினான்.

அடுத்தவன் கையில் ஒரு துண்டு. அதில் ரயில் பாதை. லாரிக்குள் உட்கார்ந்திருந்த இன்னொருவன் முழங்காலில் செங்கல் சிவப்பில் மலையின் ஒரு பகுதி.

கொட்டகைக்குள் நுழைந்தான். யாரும் தடுக்கவில்லை. மேஜைமேல் தையல்காரன் கத்தரி ஒன்று கிடந்தது. கீழே, வெட்டித் தள்ளிய ஓரத் துணி. 'நமது தாலுகா' என்று அவன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த தலைப்பு மட்டும் யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தது.

"வந்துட்டியா," என்றது பின்னால் ஒரு குரல். பால்ச்சாமி.

"ஏலே, என்னலே இது?"

"சத்தம் போடாத. எஸ்.ஐ. அய்யா பின்னால குளிச்சிக்கிட்டு இருக்காவ."

"சந்தேகம்னு வாங்கினீங்க. உத்தரவு வரணும்னீங்க. வெட்டிப் பங்கு போட்டிருக்கீங்களே. நான் என்ன கம்பி அறுத்தேனா?"

"ஒனக்குக் கம்பி அறுக்கத் தெரியுமாலே? ஒம்மேல யாருக்கும் சந்தேகமே கெடையாது." பால்ச்சாமி மேஜை விளிம்பில் உட்கார்ந்தான். "இங்க வந்து எறங்கினவன் ஒருத்தனுக்கும் ஊரு தெரியல. சர்க்கார் குடுத்த படம் ரயில் வர்றதுக்கு முந்தி அச்சடிச்சது. அதப் பாத்துக்கிட்டுப் போனவன் ராத்திரி பூரா சோளக் கொல்லையில சுத்திட்டு வாரான். மேலேருந்து தெனமும் வசவு. நான்தான் எஸ்.ஐ. கிட்டச் சொன்னேன், எங்க வாத்தியாரு ஒரு படம் வரைஞ்சு வச்சிருக்கான், ஓடை, பாலம் ஒண்ணு விடல, இன்ன பஸ்ஸுல வருவான்னு."

"நீயா?"

"பெருமையாத்தாம்லே சொன்னேன். கேட்டு வாங்கிப் பிரதி எடுப்பாவன்னு நெனச்சேன். கேட்டா நீ குடுக்கமாட்ட, பரீட்சை இருக்குன்னு சொல்லுவன்னு, அவிய இப்படிப் பண்ணிட்டாவ."

தூரத்தில் ரயில் ஊதியது. ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கிப் போகிற ரயில். வேதசிரோமணி அதில்தான் ஏறப் போகிறார். கத்தரியையும் ஓரத் துணியையும் பார்த்தபடி நின்றான் சத்தியநேசன். எல்லாத் துண்டையும் பிடுங்கித் தைத்தாலும் அதற்குள் ஸ்டேஷன் போய்ச் சேர முடியாது.

"இன்னைக்கு வெட்டினாங்களா?"

பால்ச்சாமி கத்தரியை மேஜை ஓரத்துக்குத் தள்ளினான்.

"சொல்லுலே. நேத்தெல்லாம் என்னை இழுத்துக்கிட்டு அலைஞ்சியே, அப்ப முழுசா இருந்துச்சா? அந்த இன்ஸ்பெக்டரைப் பாத்திருந்தா கெடைச்சிருக்குமா?"

"இன்ஸ்பெக்டர் அய்யா மதுரையில ஆஸ்பத்திரில கெடக்காவ. பத்து நாளா."

"அப்ப எதுக்குலே வத்திராயிருப்பு? எதுக்கு செட்டியார்பட்டி?"

பால்ச்சாமி சட்டைப் பித்தானைக் கழற்றி உள்ளே கையை விட்டான். மடித்த துணித் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தான். வேர்வையில் நீலம் கொஞ்சம் கலங்கியிருந்தது. வத்திராயிருப்பு ரோடு. அதில் சத்தியநேசன் போட்டிருந்த ஒவ்வொரு பாலத்துக்கும் பக்கத்தில், பால்ச்சாமியின் கோணல் கையெழுத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம். மணல் ஓடைக்கு வடக்கே, படத்தில் இல்லாத கல்லுத் தரை ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"நேத்து நீ வாசல்ல நிக்கும்போதே உள்ள வெட்டிட்டாவ," என்றான் பால்ச்சாமி. "சரியா இருக்கான்னு ஒன்னையே கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாவ."