பின்னாடி

பீரோவைத் தள்ள ஆள் போதவில்லை. "ஒரே மூச்சுல தள்ளுங்கப்பா" என்று சித்தப்பா கட்டளையிட்டாரே தவிர, தோள் கொடுக்கவில்லை. தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் முட்டுக் கொடுத்ததில் அது முனகியபடி சுவரைவிட்டு விலகியது. பின்னால் ஒட்டடை, பல் போன ஒரு சீப்பு, எப்போதோ காணாமல் போய் வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பிய டிவி ரிமோட். அவ்வளவுதான்.

"அப்ப இந்தப் பின்னாடி இல்ல," என்றார் சித்தப்பா. "வேற பின்னாடி."

அடுத்த அறையில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் காலை சமையலறை நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், "பின்னாடி" என்றார். இன்னொரு முறையும் "பின்னாடி" என்றார். அதோடு சரி. பக்கத்தில் இருந்தது அண்ணி மட்டும்தான். வந்து பார்த்த டாக்டரிடம் அவர் இதைச் சொல்லப்போக, அது சொந்தக்காரர்கள் காதில் விழுந்தது. மனுஷன் எதையோ எங்கேயோ வைத்திருக்கிறார், போகும்போது இடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள்.

"போன மாசம்தானே எல்லா டெஸ்டும் எடுத்தாங்க," என்று பக்கத்து வீட்டுக்காரர் மூச்சு வாங்கியபடி சொன்னார். "ஒரு குறையும் இல்லைன்னாங்களே."

தம்பி என்பது அவனுக்கு உறவு மட்டுமில்லை, பெயரே அதுதான். அண்ணனோடு சேர்ந்து பழைய கார்களைப் பழுதுபார்த்த இத்தனை வருஷத்தில், அவனைவிடச் சின்னவர்கள்கூட அவனைத் தம்பி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தலை நரைத்தும் அது மாறவில்லை.

கை கழுவச் சமையலறைக்குப் போனான். அண்ணி அங்கே தனியாக நின்றிருந்தார்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"ரிமோட்டு கிடைச்சுது அண்ணி."

அண்ணி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"தேட வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. அவரு எதையும் ஒளிச்சு வைக்கல. நான் ஒண்ணு கேட்டேன். அதுக்குப் பதில் சொன்னாரு, அவ்வளவுதான்."

"என்ன கேட்டீங்க?"

"ஷெட்டைப் பூட்டிட்டு ஒரு வாரம் கடல் பக்கம் எங்கயாவது போயிட்டு வரலாமான்னு கேட்டேன்." குழாயை இறுக்கி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "பின்னாடி பாத்துக்கலாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு அதானே பதில். சுவத்துக்கு பெயின்ட் அடிக்கணுமா, பின்னாடி. எனக்குப் பல்லு வலிக்குதா, பின்னாடி. போற நேரத்துலயாவது வேற ஏதாவது சொல்லியிருக்கலாம். அதையே ரெண்டு தடவை சொல்லிட்டுப் போயிட்டாரு."

அந்த 'ரெண்டு தடவை' தம்பிக்கு எங்கோ இடறியது. எதையாவது தள்ளிப்போடும்போது அண்ணன் ஒரு தடவைதான் சொல்வார், அதுவும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். இரண்டு தடவை சொல்வதெல்லாம் வேலையில். "ஸ்பேனர், ஸ்பேனர்" என்பார். "பிடி, பிடி" என்பார்.

வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குப் போனான். பழுதுபார்க்க வந்திருந்த பல் டாக்டரின் பழைய கார் பானெட்டைத் திறந்தபடி நின்றது. அண்ணன் சாவதற்கு முந்தின சாயங்காலம்தான் இருவருமாக அதன் எஞ்சினைப் பூட்டி முடித்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். சூடு காட்டும் முள் நடுவில் சாதுவாக நின்றது. தம்பிக்குத் திருப்தி. அண்ணன் மட்டும் எஞ்சினின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "முள்ளு சரிங்குது, கை இல்லங்குது," என்றார். காரணம் அவருக்கும் பிடிபடவில்லை.

அந்த எஞ்சினில் தண்ணீர் போகும் வழியே ஒரு அழகு. பாதி திறந்து நிமிர்த்திய புத்தகம்போல் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக விரிந்திருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே மூடியாக ஒரு ஹெட். இரண்டு ஹெட்டையும் நடுவில் பாலம்போல் சேர்ப்பது இன்டேக் மேனிஃபோல்டு. பம்ப் தண்ணீரை முன்பக்கமாகக் கீழே, சிலிண்டர்களைத் தாங்கும் பிளாக்குக்குள் தள்ளும். அது பிளாக் நெடுகப் பின்னால் போய், அங்குள்ள பெரிய துளைகளின் வழியாக ஹெட்டுக்குள் ஏறி, ஹெட் நெடுகத் திரும்ப முன்னால் வந்து, மேனிஃபோல்டின் முன்வாசல் வழியாக ரேடியேட்டருக்குப் போக வேண்டும். மேனிஃபோல்டுக்குப் பின்வாசல் கிடையாது. ஆக, வீட்டுக்கு வந்த விருந்தாளி கடைசி அறை வரை நடந்து, மாடியேறி, மாடி அறைகளையும் பார்த்துவிட்டு வெளியேறுவதைப்போலத் தண்ணீர் ஒவ்வொரு சிலிண்டரையும் விசாரித்துவிட்டுத்தான் போகும்.

அதைக் கடைசி அறை வரை நடக்கவைப்பது பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் படுத்திருக்கும் கேஸ்கட் என்ற தகடு. அதன் ஒரு முனையில் பெரிய துளைகள் உண்டு, மறுமுனையில் கிடையாது. துளையில்லாத முனையில் 'முன்பக்கம்' என்று எழுதியிருக்கும். இரண்டு வரிசைக்கும் ஒரே வகைத் தகடுதான் என்பதால், ஒரு வரிசைக்கு அதைக் கவிழ்த்துப் போட வேண்டும். எழுத்து அடியில் மறைந்துவிடும். வேறு எஞ்சின்களில் பழகிய கை இதற்கு ஒத்துக்கொள்ளாது. எழுத்து மேலே தெரிய வேண்டும் என்பது மெக்கானிக்கின் ரத்தத்தில் ஊறியது. அந்தப் பழக்கத்தில் கவிழ்க்காமல் போட்டுவிட்டால் தகடு முன்பின் மாறித்தான் பொருந்தும், துளைகள் முன்னால் வந்துவிடும். விருந்தாளி வாசலிலேயே மாடியேறி, வாசல் வழியாகவே போய்விடுவார். முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் இருப்பதும் மேனிஃபோல்டின் முன்வாசலில்தான். அது தன்னைக் கடந்து போகும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, எல்லாம் நலம் என்று சொல்லும். பின்பக்கம் வெந்துகொண்டிருக்கும்.

பிரிக்காமலே கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. தகட்டின் ஒரு மூலை மட்டும் நகமளவு வெளியே துருத்தி நிற்கும். அது முன்னால் தெரிய வேண்டும். தம்பி டார்ச்சை அடித்தான். வலது வரிசையில் மூலை முன்னால் இருந்தது. இடது வரிசையில் இல்லை. வெளிச்சத்தை மெல்லப் பின்னால் நகர்த்தினான். அங்கே இருந்தது.

பக்கத்தில் கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான்.

டீ குடித்துக்கொண்டே அண்ணன் இதைத்தான் யோசித்திருக்கிறார். பிடிபட்ட நொடியில் நெஞ்சும் பிடித்துக்கொண்டது. அண்ணி கேட்டது காதில் விழவே இல்லை. இதைச் சொன்னால் அண்ணிக்கு என்ன மிஞ்சும்? இப்போதாவது, தள்ளிப்போட்டதாக இருந்தாலும், அவருக்கென்று ஒரு பதில் இருக்கிறது. சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். கடைசிப் பேச்சு பல் டாக்டரின் காரோடு.

அண்ணனைக் கொண்டுபோக வாசலில் வண்டி வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். போனான்.

எல்லாம் முடிந்து திரும்பியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "சாமான் ரூமை மட்டும் ஒரு பார்வை பாத்துருங்க," என்று சொல்லிவிட்டு சித்தப்பாவும் போனார். தம்பி மறுபடி ஷெட்டுக்கு வந்தான். கொஞ்ச நேரத்தில் அண்ணியும் வந்தார்.

"இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா ஆச்சா?"

"அண்ணி." அவன் எழுந்தான். "அவரு உங்களுக்குப் பதில் சொல்லல."

அண்ணி அவனையே பார்த்தார். தம்பி டார்ச்சை எடுத்தான். தண்ணீர் நுழையும் இடம், நடக்க வேண்டிய தூரம், ஏற வேண்டிய துளை, வெளியேறும் வாசல் என்று முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னுமாக வெளிச்சத்தைக் கொண்டுபோய், கடைசியில் இடம் மாறிப் பின்னால் துருத்திய மூலையில் நிறுத்தினான். அண்ணியின் கண்கள் கூடவே போயின.

"அப்ப நான் கேட்டது?"

"காதுல விழுந்திருக்காது."

வாசலில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் அண்ணி கேட்டார்.

"இதைப் போட்டது யாரு?"

"அவருதான்."

"நீங்க போட்டிருந்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு."

"வருஷம் பூரா சொல்லிக் காட்டியிருப்பாரு."

அண்ணி குனிந்து அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. துடைக்கவில்லை.

"மாட்டேன்னு சொல்லலை, இல்ல?"

"இல்ல அண்ணி."

"உங்ககிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு." எஞ்சினைக் காட்டினார். "இதைத் திரும்பக் கழட்டணுமா?"

"கழட்டணும். பின்..." என்று தொடங்கிய தம்பி, மிச்சத்தை விழுங்கிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். தட்டத்தை அடியில் தள்ளி, பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த போல்ட்டைத் தளர்த்தினான். கூலன்ட் கலந்த தண்ணீர் முதலில் சொட்டாக வந்தது. பிறகு பச்சைத் தாரையாக இறங்கியது. தட்டம் நிரம்பி, விளிம்பு தாண்டி, தரையின் சரிவைத் தேடிக்கொண்டு அண்ணியின் பக்கமாக வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அருகில் வந்ததும் ஒரு காலை நகர்த்தி வழிவிட்டார்.