பதினோராம் பாட்டு

சங்கரன்கோவிலில் காளிராஜ் என்பவரின் அச்சகத்தில் திருமணப் பத்திரிகைகளைத் தட்டச்சு செய்யும் முத்துமாரி, கோமதியம்மன்மேல் ஒரு பதிகம் பாடினாள். நோன்பிருந்த விடியல்களில், தன் வீட்டில், மூன்றாண்டு இழைத்துப் பாடியது. பத்துப் பாட்டு அன்னையைப் போற்றின. பதினோராம் பாட்டு, மரபுப்படி, பாடியவள் பெயரைத் தாங்கியது. ஒரு மாலை, வேலை முடிந்தபின், அச்சகக் கணினியில் அதைத் தட்டச்சு செய்தாள். அவள் செய்த பிழை அது ஒன்றே.

காளிராஜ் கண்டுவிட்டார். தமிழில் அவர் முழுதாகப் படித்தவை தம் பெயர் இடம்பெற்ற சுவரொட்டிகள் மட்டுமே. ஆயினும் இராஜபாளையம் சாலையில் எழும்பும் தம் புதுக் கட்டடத்தின் முகப்பில், தம் பெயரால் ஒரு பதிகம் பளிங்கில் நின்றால், ஊர் தம்மைப் புலவர் என்று கும்பிடும் எனக் கருதினார்.

"அது நான் பாடுனது, அண்ணாச்சி," என்றாள் முத்துமாரி.

"ஏட்டி, கம்ப்யூட்டர் யாருது? கரண்டு யாருது? சம்பளம் யாரு குடுக்கா? என் கடையில அடிச்சது எனக்குத்தான்."

"சம்பளம் பத்திரிகை அடிக்கதுக்கு. பாட்டுக்கு நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலயே."

"கோழி என் வீட்டுக்குள்ள வந்து முட்ட போட்டா, முட்ட யாருக்கு?"

"கோழிக்காரிக்கு."

அவர் சிரிக்கவில்லை. கல்வெட்டுபவரை அழைத்து, பதினோராம் பாட்டில் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். முத்துமாரி இருந்த இடத்தில் காளிராசன் சீர் பிசகாது அமர்ந்துகொண்டான்.

"அந்தப் பாட்டப் படிச்சியளா, அண்ணாச்சி?"

"என் பேரு இருக்குல்லா. போதும்."

ஆடித் தபசுக்கு முந்தைய வெள்ளி காலை, கட்டடத் திறப்பு. புளியங்குடி எலுமிச்சை வியாபாரி இசக்கிப்பாண்டி பளிங்கின் முன் நின்று, பதினோராம் பாட்டை உரக்கப் படித்தார்:

"பிறர்பொருளைக் கவர்ந்துண்ட பேய்மனத்தேன் நாய்க்கடையேன்
முறைகெட்ட காளிராசன் மொழிந்ததமிழ் ஈரைந்தும்..."

தெய்வத்தின் முன் பாடுவோர் தம்மைத் தாழ்த்திச் சொல்வது அடியார் மரபு. ஊரார் அம்மரபை அறிவர், காளிராஜையும் அறிவர்.

"என்ன வே, இப்பிடி மனசத் தெறந்துட்டீரு," என்றார் இசக்கிப்பாண்டி. "எங்களுக்குத் தெரிஞ்சதுதான். அத கல்லுல வேற வெட்டணுமா?"

அன்று நண்பகலில், காளிராஜ் முத்துமாரியின் மேசையருகே வந்து நின்றார். "அந்த ரெண்டு வரிய மட்டும் மாத்திக் குடு."

"பாடுன ஆளுல்லா மாத்தணும். கல்லுல யாரு பேரு இருக்கு?"

அச்சகத்தின் பெயர் பொறித்த தாளில், பதிகமும் அதன் உரிமை முழுதும் முத்துமாரிக்கே உரியன என்று அவர் எழுதிக் கையொப்பமிட்டார். அவள் இருமுறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இனி என் பேர வெட்டச் சொல்லுங்க."

"அப்போ, அந்த வரி?"

"இருக்கட்டும். அம்மன்கிட்ட நான் சொன்னதுதான. எனக்கென்ன வெக்கம்?"

கல்வெட்டுபவர் உளியோடு வந்தார். காளிராஜ் வெயிலில் நின்று, தம் பெயரின் கீற்றொன்றும் மிஞ்சாமல் ஆழமாகச் செதுக்கும்படி மூன்றுமுறை சொன்னார். ஒரு பாட்டின் எழுத்துகளை அவர் அத்தனை கவனமாகப் பார்த்தது அன்றுதான்.