வரேன் என்றால்

விமான நிலையம் என்று பெயர்தான். ஓர் ஓடுபாதை, ஓர் அறை, ஒரு தராசு. வாரம் ஒருமுறை ஒரு சின்ன விமானம் கடலைத் தாண்டி அக்கரை நிலையத்துக்குப் போய்த் திரும்பும். பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பார்ப்பது எடைக்காரர்.

அவர் மனைவி இரண்டு மாதமாக அக்கரையில், அக்கா வீட்டில். கோபித்துக்கொண்டு போனவள். நேற்று போனில், நாளைக்கு விமானம் வருகிறது என்றார். வா என்று கூப்பிடவில்லை, தகவல் சொன்னார், அவ்வளவுதான். அவள் "சரி, வரேன்" என்று வைத்துவிட்டாள்.

வருகிறாளா, விடைபெற்றாளா? போகிறவர்களும் வரேன் என்றுதானே சொல்கிறார்கள்.

போன் என்றால் வைக்கிறேன் என்றுதான் சொல்வார்கள், அண்ணி வருகிறார்கள் என்றாள் டிக்கெட் எழுதும் பெண். அவள் போனையும் அப்படித்தான் வைப்பாள் என்றார் எடைக்காரரின் அண்ணன். இரண்டும் சரியாகத்தான் பட்டது.

இன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும். திரும்பும்போது எதிர்காற்று. பறக்கும் நேரம் கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் சுமை குறைய வேண்டும். மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது. இந்த ஊர் மெக்கானிக்குக்காக அக்கரையில் காத்திருக்கும் படகு எஞ்சின் வரலாம், அல்லது ஓர் ஆள் வரலாம்.

திரும்ப அதிக நேரம் ஆகும் என்பதை மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில் இருந்த நேர அட்டவணையைக் காட்டினார்.

"எட்டுக்குக் கிளம்பி ஒன்பதே முக்காலுக்கு அங்க இறங்குது. பதினொண்ணுக்குக் கிளம்பி பதினொண்ணேகாலுக்கு இங்க வந்துடுது. போக ஒண்ணேமுக்கால் மணி, வர கால்மணி. என்ன, வர்ற வழி இறக்கமா?"

அக்கரைக் கடிகாரம் ஒரு மணி முந்தி ஓடுவதை எடைக்காரர் விளக்கினார். போக முக்கால் மணி, வர ஒன்றேகால் மணி.

"தூரம் ஒண்ணுதானே?"

ஒன்றுதான் என்றார். வரும்போது காற்றுதான் எதிரே என்றார். மெக்கானிக் நம்பவில்லை.

அக்கரையிலிருந்து விமானி கூப்பிட்டார். எஞ்சினா, ஆளா?

"ஆள்," என்றார் எடைக்காரர். பெயரையும் சொன்னார். சொன்ன பிறகுதான் வியர்த்தது.

விமானம் இறங்கியபோது மெக்கானிக்கும் வேலியோரம் வந்து நின்றிருந்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அவள்.

"ஏத்தின எஞ்சினை இறக்கிட்டாங்க," என்றாள். "யாருக்காகன்னா என் பேரைச் சொல்றாங்க. அக்கா வீட்டுக்கே ஆள் வந்துடுச்சு. தெருவே வாசல்ல நிக்குது. வராம என்ன பண்ண?"

"நீதானே வரேன்னு சொன்னே?"

"அது போனை வைக்கறதுக்குச் சொன்னது."

மெக்கானிக் கும்பிட்டார். "வாங்கம்மா. இனி என் படகை நீங்கதான் இழுக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். யாரைப் பார்த்து என்று எடைக்காரருக்குத் தெரியவில்லை.

பையை வாங்கினார். தூக்கினாலே எடை சொல்லும் கை அது. சும்மா வந்து போகிறவளின் பை என்றால் கனம் அதிகம். மொத்தமாக வந்துவிட்டவளின் பை என்றால் போதாது.

அவள் வீட்டு வழியில் முன்னால் நடந்தாள். இருப்பாயா என்று கேட்கலாம். அவளும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாள். அப்புறம் அதற்கு அர்த்தம் தேடி அலைய வேண்டும். பையைத் தோள் மாற்றிக்கொண்டு பின்னால் போனார்.