மியூனிக் என்று சொல்லுங்கம்மா

பயிற்சி அறைக்கு ஜன்னல் கிடையாது. சாயங்காலம் புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, வாத்தி ஒலிப்பெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தி என்பது அலுவலகம் வைத்த பட்டம். பயிற்சி கொடுப்பதும், யாருக்கு எந்த ஷிப்ட் என்று முடிவு செய்வதும் அவர்தான்.

பக்கத்தில் அவனை நிற்க வைத்திருந்தார். விமானத்தில் தொலைந்த பெட்டிகளைப் பற்றி வரும் அழைப்புகளை எடுக்கிற வேலை அவனுக்கு. சேர்ந்த நாளிலிருந்து இரவுதான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்குப் பகல் கொடுப்பதில்லை. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறப்பட்டதும் இல்லை.

"இவங்க முன்னாடி ஒழுங்கா செஞ்சு காட்டு. அடுத்த மாசத்துலேர்ந்து உனக்குப் பகல்" என்று வாத்தி சொல்லியிருந்தார். பகலில் தூங்கித் தூங்கி அவனுக்கு வெயிலே மறந்துபோயிருந்தது.

கடைசி வரிசையில் அவன் தங்கை. சிபாரிசு பிடித்துச் சேர்த்துவிட்டது அவன்தான். அவன் பார்த்ததும் புருவத்தை ஏற்றிக் காட்டினாள்.

"விதி ஒண்ணுதான்" என்றார் வாத்தி. "பெட்டி எந்த ஊருக்குப் போகணும்னு கூப்பிடறவங்க தன் வாயால சொல்லணும். திரையில என்ன பேர் இருக்கோ அதே பேர். ஆங்கிலப் பேர். சொல்ல வைக்கலேன்னா மார்க் போச்சு. இதோ நிக்கிற சாருக்குப் போன வாரம் வந்த அழைப்பைக் கேளுங்க."

ஒரு வயதான ஜெர்மன்காரப் பெண்ணின் குரல் வந்தது. ஆங்கிலத்தை, ஈரத் தரையில் நடப்பது போலப் பார்த்துப் பார்த்து வைத்தாள். பெட்டியில் இரண்டு கவுன், கணவரின் செருப்பு, ஒரு போர்வை என்றாள். பிறகு அவன் குரல்.

"எந்த ஊருக்கு அனுப்பணும்மா?"

"மியுன்ஷென்."

"மியூனிக்கா?"

"ஆமாம். மியுன்ஷென்."

"மியூனிக் என்று சொல்லுங்கம்மா."

"நான் அங்கேதான் பிறந்தேன். எழுபது வருஷமாக அங்கேதான் இருக்கேன். அந்த ஊர் பேர் மியுன்ஷென்."

"எங்க திரையில் அப்படி ஒரு ஊர் இல்லம்மா."

அவன் புரியாமல் கேட்கவில்லை. அவள் முதல் தடவை சொல்லி முடிக்கும் முன்பே அந்த ஊரைத் திரையில் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தான்.

ஒலிப்பதிவில், அவள் இருந்த பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"மியூனிக்" என்றாள் அவள், வகுப்பில் எழுந்து நின்று சொல்கிற குழந்தை மாதிரி.

"நல்லா சொன்னீங்கம்மா. ரொம்ப நன்றி."

அறை சிரித்தது. அன்றைக்கு 'நல்லா சொன்னீங்கம்மா' என்று சொன்ன நினைவே அவனுக்கு இல்லை. இப்போது கேட்டபோது கழுத்து சுட்டது.

"பாத்தீங்களா? கோபமே படல. நூத்துக்கு நூறு" என்றார் வாத்தி. "இப்ப நேர்ல பார்ப்போம். கடைசி வரிசை, நீ வாம்மா. நீதான் அந்தம்மா."

தங்கை வந்து எதிரே உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் இருந்தாள்.

"பெட்டில என்ன இருக்கும்மா?"

"வீட்டுக்காரரோட செருப்பு. ஆளு வேண்டாம், செருப்பு வந்தாப் போதும்."

ஒரே சிரிப்பு. வாத்தியும் சிரித்தார்.

"எந்த ஊரு?"

"மியுன்ஷென்."

"மியூனிக்னு சொல்லுங்கம்மா."

"ஏன், உங்களுக்குப் புரியலையா?"

ஒலிப்பதிவில் இந்தக் கேள்வி இல்லை. அவன் வாத்தியைப் பார்த்தான். வாத்தி விரலால் மேஜையைத் தட்டினார்: நடத்து.

"புரியலம்மா."

"நிஜமாவே புரியலையா?"

அவள் முகத்தில் விளையாட்டு போய்விட்டிருந்தது. படிப்பை விட்டு அவன் வீட்டில் கிடந்த நாட்களில், அவனைத் தண்டச்சோறு என்று சொல்லாத வாய் அது ஒன்றுதான். புரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பகல் போய்விடும்.

"புரியல. மியூனிக்னு சொல்லுங்க."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, "மியூனிக்" என்றாள். அந்தக் கிழவி சொன்ன அதே தொனியில். கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசி வரி அவனுடையது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நல்லா சொன்னீங்கம்மா" என்றான்.

கைதட்டினார்கள்.

இடைவேளையில் அவள் படிக்கட்டுப் பக்கம் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். அவன் போய் நின்றான்.

"சும்மா ஒரு விதி, அவ்வளவுதான். பெருசா எடுத்துக்காத."

"எடுத்துக்கல. நாளையிலேர்ந்து நானும் அதைத்தானே செய்யப் போறேன்." ஒரு வாய் குடித்தாள். "அந்தம்மாவுக்குப் பெட்டி போய்ச் சேந்துச்சா?"

அவன் அதைப் பார்க்கவே இல்லை. மார்க் வந்ததும் அடுத்த அழைப்பை எடுத்திருந்தான்.

"சேந்துடுச்சு" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். பதிலுக்கு எதுவும் சொல்வதற்குள் வாத்தி வந்து அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஒண்ணாந்தேதியிலேர்ந்து பகல். போய் வெயில்ல காயி. என்னம்மா, உங்க அண்ணனுக்கு ஒரு வாழ்த்து சொல்ல மாட்டியா?"

"வாழ்த்துக்கள் சார்" என்றாள் தங்கை. கோப்பையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் பயிற்சி அறைக்குள் போனாள்.

வாத்தி அதை நகைச்சுவை என்று நினைத்துக் குலுங்கிச் சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான்.