கொலுசுக் கறுப்பு

அந்த வெள்ளிக்கடைக்காரரைச் சும்மா விடுவதில்லை என்று இருந்தேன். தீபாவளிக்கு என் பொண்டாட்டி வெங்கடம்மாளுக்கு வாங்கிக் கொடுத்த கொலுசு, இடது கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில் தோலையே கறுப்பாக்கிவிட்டது. அரிப்பு வேறு. அவளோடு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடுகிறவர்கள், "உன் ஊட்டுக்காரன் ஈயத்த வாங்கிக் குடுத்து ஏமாத்திட்டான்டி" என்று கிண்டல் செய்தார்களாம். எனக்கு ரோசம் வராதா?

"கழட்டிக் குடுடி. அவன் மூஞ்சில வீசிட்டு வரேன்."

"ஆசையா வாங்கினது. கறுத்தா கறுத்துட்டுப் போவுது, உடுங்க" என்றாள். இப்படிப் பேசுகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

காலையில் தொளதொளவென்று கிடக்கும் கொலுசு, நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வரும்போது வீங்கிய காலில் பதிந்திருக்கும். அதற்கும் கடைக்காரரைத்தான் திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓசூர் பஜாருக்கே போய்விட்டேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் கொலுசுக்குக் கை நீட்டினார். அவள் கழற்றித் தந்ததை உரசிப் பார்த்து, "நல்ல வெள்ளிங்க. சந்தேகம்னா வேற கடையில காட்டுங்க" என்றார்.

பதில் சொல்லத் திரும்பியவன் அவள் காலைப் பார்த்தேன். கொலுசு இருந்த இடத்தில் மஞ்சளை அப்பியிருந்தாள். அதற்கடியில் எட்டணா அகலத்துக்குப் புண். நீர் கசிந்துகொண்டிருந்தது.

"எத்தன நாளாடி?"

"சக்கரப் புண்ணுன்னா கால எடுத்துருவாங்களாமே" என்று அழுதுவிட்டாள். கழற்ற மாட்டேன் என்றதெல்லாம் இதற்குத்தான். கொலுசை அங்கேயே மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சர்க்கரை இல்லை. கால் ரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது என்றார் டாக்டர். "சாயங்கால வீக்கம், அரிப்பு, கறுப்பு எல்லாம் புண்ணுக்கு முன்னாடியே வந்த எச்சரிக்கைமா. அப்பவே வந்திருக்கலாம்." பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று சோதித்த பிறகு, விரலடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கமாகச் சுற்றும் கட்டைப் போட்டுக் காட்டினார். காலையில் எழுந்திருக்கும் முன்பே கட்ட வேண்டும், உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஆறிவிடும், காலுக்கு ஆபத்தில்லை என்றார்.

மறுநாள் விடிந்ததும் கட்டுத்துணியோடு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, புருசன் பொண்டாட்டி கால தொடலாமா? பாவம் வந்து சேரும்."

"அம்மி மேல கால வெச்சு மெட்டி போட்டன்னிக்கு யாருடி புடிச்சது? உங்க சித்தப்பனா?"

சிரித்துவிட்டாள். ஆனாலும் காலை நீட்டவில்லை.

"இந்தக் கால் எனக்கு வேணும்டி, வெங்கடு" என்றேன்.

அவளே காலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அப்ப ஒழுங்கா சுத்துங்க. கோணலா போவுது பாருங்க."